மரக்கானா: இரண்டு இலட்சம் பேர் நின்ற அரங்கில் இன்று 78 ஆயிரம் கதிரைகள்

உலகக் கிண்ணம் நெருங்கினால் திருகோணமலையில் பிரேசில் கொடியும் ஆர்ஜென்டினா கொடியும் மதில்களில் ஏறிவிடும். கூடவே பிரேசிலின் ரியோ நகரிலுள்ள மரக்கானா உதைபந்தாட்ட அரங்கைப் பற்றிய பதிவுகளும் கைபேசிகளில் சுற்றத் தொடங்கும். அங்கே இரண்டு இலட்சம் பேர் இருக்கலாம் என்று ஒன்று சொல்லும். 78 ஆயிரம்தான் என்று இன்னொன்று அடித்துச் சொல்லும். 1950 உலகக் கிண்ண இறுதிப் போட்டி அங்கேதான் நடந்தது என்பார் ஒருவர். அந்த ஆண்டு இறுதிப் போட்டியே கிடையாது என்று மறுப்பார் மற்றவர். அரங்குக்குப் பெலேயின் பெயரை வைத்துவிட்டார்கள் என்ற செய்தியும் அவ்வப்போது தலை காட்டும். இவற்றில் முழுப்பொய் குறைவு, பாதி உண்மைதான் அதிகம். மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள அரங்கு கட்டிய காலத்திலிருந்து வர வேண்டும்.

## குதிரைப் பந்தயத் திடலில் எழுந்த அரங்கு

இரண்டாம் உலகப் போரால் 1942, 1946 ஆகிய இரு ஆண்டுகளிலும் உலகக் கிண்ணம் நடக்கவில்லை. போர் ஓய்ந்தபோது ஐரோப்பா இடிபாடுகளை அள்ளிக்கொண்டிருந்தது. 1950 போட்டியை நடத்தும் பொறுப்பு பிரேசிலுக்கு வந்தது. அப்போது அந்நாட்டின் தலைநகர் ரியோ டி ஜெனீரோ.

அரங்கை எங்கே கட்டுவது என்பதில் பெரிய சண்டை. கார்லோஸ் லாசெர்டா என்ற அரசியல்வாதி, நகருக்கு வெளியே ஜக்கரெபாகுவாவில் கட்டச் சொன்னார். விளையாட்டுப் பத்திரிகை நடத்திய மாரியோ ஃபில்யோ, நகருக்குள்ளேயே இருந்த பழைய குதிரைப் பந்தயத் திடலில்தான் கட்ட வேண்டும் என்று தன் பத்திரிகையில் விடாமல் எழுதினார். வென்றது மாரியோ ஃபில்யோ.

1948 ஓகஸ்டில் வேலையைத் தொடங்கினார்கள். இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை, 1950 ஜூனில் முதல் ஆட்டம். ரியோ அணியும் சாவோ பாவ்லோ அணியும் மோதின. முதல் கோலைப் போட்டவர் ரியோவின் டிடி, பின்னாளில் இரு முறை உலகக் கிண்ணம் வென்றவர். ஆனால் ஆட்டத்தை வென்றது சாவோ பாவ்லோ, 3-1. உண்மையில் அரங்கு அப்போது முடிந்திருக்கவே இல்லை. சாரம் பிரிக்காத பகுதிகளோடுதான் உலகக் கிண்ணத்தையே நடத்தி முடித்தார்கள். வேலை முழுதாக நிறைவடைந்தது 1965இல்.

பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மரக்கானா என்பது பக்கத்தில் ஓடும் சிற்றாற்றின் பெயர், அந்தப் பகுதியின் பெயரும் அதுதான். மாரியோ ஃபில்யோ 1966இல் இறந்ததும் அரங்குக்கு அதிகாரபூர்வமாக அவர் பெயரைச் சூட்டினார்கள். 2021இல் அதைப் பெலேயின் பெயராக மாற்ற ரியோ மாநில சட்டசபை வாக்களித்தது. அந்தச் செய்திதான் உலகம் முழுக்கப் பரவியது. அடுத்த மாதமே ஆளுநர் அதற்குக் கையெழுத்திட மறுத்தார். அந்தச் செய்தி அவ்வளவாகப் பரவவில்லை. ஆகவே ஏட்டில் இன்றைக்கும் மாரியோ ஃபில்யோதான், ஊர் வாயில் மரக்கானாதான்.

## 1950: இறுதிப் போட்டி இல்லாத கிண்ணத்தின் கடைசி ஆட்டம்

அந்த ஆண்டின் ஏற்பாடு விசித்திரமானது. முதற் சுற்றில் வென்ற நான்கு அணிகளும் அரையிறுதி, இறுதி என்று ஆடவில்லை. ஒரே குழுவாகி ஒவ்வொருவரும் மற்ற மூவரோடும் ஆட வேண்டும், கூடுதல் புள்ளி எடுத்தவருக்குக் கிண்ணம். வெற்றிக்கு 2 புள்ளி, சமநிலைக்கு 1.

1. பிரேசில் சுவீடனை 7-1 எனவும் ஸ்பெயினை 6-1 எனவும் நொறுக்கியது. இரண்டு ஆட்டமும் மரக்கானாவில். 4 புள்ளி.
2. உருகுவே ஸ்பெயினோடு 2-2 எனச் சமநிலை, சுவீடனை 3-2 என்று தட்டுத்தடுமாறி வென்றது. 3 புள்ளி.
3. மிச்சமிருந்த ஜூலை 16 ஆட்டத்தில் பிரேசிலும் உருகுவேயும். பிரேசில் வெல்லக்கூடத் தேவையில்லை, சமநிலையே போதும்.

அட்டவணைப்படி அது குழுவின் கடைசி ஆட்டம் மட்டுமே. கிண்ணம் யாருக்கு என்பதைத் தீர்மானித்த வகையில் இறுதிப் போட்டி. எனவே வாதாடும் இருவரும் சரி.

அன்று காலையிலேயே ரியோ பத்திரிகை ஒன்று பிரேசில் அணியின் படத்தைப் போட்டு உலக வெற்றியாளர்கள் இவர்கள்தான் என்று எழுதிவிட்டது. இடைவேளை முடிந்த இரண்டாவது நிமிடத்தில் பிரேசிலின் ஃப்ரியாசா கோல் போட்டபோது பத்திரிகை சொன்னது பலித்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். 66ஆவது நிமிடத்தில் உருகுவேயின் கிஜ்ஜியா வலப்பக்கமாக ஓடிக் கொடுத்த பந்தை ஸ்கியாஃபினோ கோலாக்கினார். 1-1. இன்னும் கிண்ணம் பிரேசிலுக்குத்தான்.

79ஆவது நிமிடம். கிஜ்ஜியா மறுபடி அதே வலப்பக்கம், அதே ஓட்டம். முதற் கோலைப் போலவே இம்முறையும் பந்தை நடுவுக்குத்தான் அனுப்புவார் என்று கணித்த பிரேசில் கோல் காப்பாளர் பார்போசா, கம்பத்தை விட்டு நடுப்பக்கமாக ஓரடி நகர்ந்தார். கிஜ்ஜியா நடுவுக்கு அனுப்பவில்லை. பார்போசாவுக்கும் கம்பத்துக்கும் இடையே திறந்த அந்தச் சின்ன இடைவெளியில் தாழ்வாக உதைத்தார். 2-1.

உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீஃபாவின் தலைவர் ஜூல் ரிமே, ஆட்டம் 1-1 ஆக இருந்தபோது பிரேசிலை வாழ்த்தும் உரையோடு இருக்கையை விட்டுக் கீழே இறங்கத் தொடங்கியிருந்தார். மைதானத்துக்கு வந்து சேர்ந்தால் பேச்சு மூச்சில்லை. அணிவகுப்பு இல்லை, மேடை இல்லை. கூட்டத்துக்குள் உருகுவே அணித்தலைவர் ஒப்டூலியோ வரேலாவைத் தேடிப் பிடித்துக் கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

தோல்வியின் பின்விளைவுகள் அரங்கோடு நிற்கவில்லை. அதுவரை வெள்ளை உடுப்பில் ஆடிய பிரேசில் அதைக் கைவிட்டது. 1953இல் ஒரு பத்திரிகை நடத்திய போட்டியில் 19 வயது அல்டிர் ஷ்லீ வரைந்த வடிவம் தேர்வானது. இன்று நம் ஊர்ப் பெடியன்கள் போட்டுக்கொண்டு திரிகிற அந்த மஞ்சள் ஜேர்சி அதுதான். ஷ்லீ உருகுவே எல்லையோரத்துக்காரர்; அவர் மனதுக்குப் பிடித்த அணி உருகுவே என்பது இந்தக் கதையில் நான் மிகவும் ரசிக்கும் துண்டு. ரசிக்க முடியாத துண்டு பார்போசாவுடையது. அணியிலிருந்த கறுப்பினத்தவரான அவர்மீதும் பிகோடே, ஜுவெனால் மீதும்தான் பழி விழுந்தது. 2000இல் இறக்கும்வரை அது போகவில்லை. பிரேசிலில் எந்தக் குற்றத்துக்கும் உச்சத் தண்டனை 30 ஆண்டுதான், நானோ 50 ஆண்டாக அனுபவிக்கிறேன் என்று முதுமையில் அவர் வருந்தினார்.

கிஜ்ஜியா 2015இல் காலமானார். தேதி ஜூலை 16.

## இரண்டு இலட்சம் பேர் எப்படி அடங்கினார்கள்?

அன்றைய கூட்டத்துக்கு இரண்டு எண்கள் உண்டு. 173,850 என்பது காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவர்கள். 199,854 என்பது இலவசமாக உள்ளே வந்தவர்களையும் சேர்த்த மதிப்பீடு. சீட்டுக் கணக்கைத்தான் நம்பலாம். மற்றது மதிப்பீடு என்பதை மறக்கக் கூடாது. 2012 குடிசன மதிப்பீட்டில் மூதூர், கிண்ணியா, குச்சவெளி எல்லாம் சேர்த்துத் திருகோணமலை மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம். அதில் கிட்டத்தட்டப் பாதி ஒரே கட்டடத்துக்குள் நின்றதாக எண்ணிப் பாருங்கள்.

இது சாத்தியமானதற்குக் காரணம் அரங்கின் பரப்பு மட்டும் இல்லை. பெரும்பாலானோருக்குத் தனிக் கதிரை இல்லை என்பதுதான் முக்கியம். பழைய மரக்கானாவை மூன்று அடுக்காகப் பார்க்கலாம்.

மேலே சுற்றிவர அகன்ற கொங்கிரீட் படிகள். எண் இல்லை, எல்லை இல்லை. நெருங்கி உட்காரலாம், எழுந்தால் இன்னும் நெருங்கலாம். அதற்குக் கீழே கதிரை போட்ட பகுதி, ஓரளவு வசதியானவர்களுக்கு. எல்லாவற்றுக்கும் கீழே, மைதானத்தைச் சுற்றி, ஜெரால் என்று அழைக்கப்பட்ட தரைப்பகுதி. கூரை கிடையாது, உட்கார வழி கிடையாது. ஆட்டத்துக்கும் இவர்களுக்கும் நடுவே ஓர் அகழி. இருப்பதிலேயே மலிவான சீட்டு இதற்குத்தான்.

ஜெராலில் நிற்பவர்களின் கண்மட்டம் தாழ்ந்தது. வீரர்களின் கால்கள் தெரியும், ஆட்டத்தின் போக்குத் தெரியாது. நம் ஏகாம்பரம் மைதானத்தில் கோட்டோரமாக நின்று பார்ப்பவருக்கு எதிர்ப்பக்கத்து மூலையில் யார் யாரை விழுத்தினார் என்று தெரியாதே, அதே கதைதான். ஆனாலும் வேடம் போட்டு, பதாகை பிடித்து, மழையில் நனைந்து நின்ற அந்த ஏழை ரசிகர்கள்தான் மரக்கானாவின் முகம். அவர்களுக்கென்று ஜெரால்டினோ என்ற பட்டப்பெயரே இருந்தது.

இனிக் கணக்கு. ஒரு தனிக் கதிரைக்கு அகலம் அரை மீற்றர், முன்பின் இடம் 80 சென்ரிமீற்றர் என்று வைத்தால் ஒருவருக்கு 0.4 சதுர மீற்றர். நடைபாதை, படிக்கட்டு இதற்கு வெளியே. நின்று பார்க்கும் இடமானால், பிரிட்டனின் அரங்குப் பாதுகாப்பு வழிகாட்டி 10 சதுர மீற்றருக்கு அதிகபட்சம் 47 பேரை அனுமதிக்கிறது. அதாவது ஒருவருக்கு 0.2 சதுர மீற்றரைவிடக் கொஞ்சம் அதிகம். ஒரு கதிரை போடும் இடத்தில் கிட்டத்தட்ட இருவர் நிற்கலாம். பாதுகாப்பு எல்லையை யாரும் பார்க்காத காலத்தில் அதற்கு மேலும் நின்றார்கள்.

## நிறைந்த அரங்கின் காலம்

அடுத்த நாற்பது ஆண்டுகளில் மரக்கானா கண்டவை ஏராளம். பதிவுகளில் அடிக்கடி வருபவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1. 1961, பலகைக் கோல். சான்டோஸ் அணிக்காக ஃப்ளுமினென்சுக்கு எதிராகப் பெலே பல பேரைக் கடந்து போட்ட கோலுக்கு அரங்கில் நினைவுப் பலகை வைத்தார்கள். பிரேசிலில் இன்றும் அபாரமான கோல் என்றால் பலகைக்குத் தகுந்த கோல் என்பார்கள்.

2. 1963, ரியோவின் இரு கழகங்களான ஃப்ளமெங்கோவும் ஃப்ளுமினென்சும். கோல் எதுவும் இல்லாத ஆட்டம். அதைப் பார்க்கச் சீட்டு வாங்கியவர்கள் மட்டும் 177,000க்கு மேல். கழக ஆட்டங்களில் அதை மிஞ்சிய கூட்டம் இல்லை.

3. 1969, இரண்டு ஆட்டங்கள். ஓகஸ்ட் 31 உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் பிரேசில் பரகுவேயை 1-0 என வென்ற ஆட்டத்துக்கு 183,341 சீட்டுகள் விற்றன. இது 1950இன் சீட்டுக் கணக்கையும் தாண்டியது. நவம்பர் 19 இரவு வாஸ்கோ ட காமா கழகத்துக்கு எதிரான பெனால்டியில் பெலேயின் ஆயிரமாவது கோல். கோல் காப்பாளர் அன்ட்ராடா சரியான பக்கம் பாய்ந்தும் பிடிக்க முடியாமல் தரையைக் குத்தினார். செய்தியாளர்கள் மைதானத்துக்குள் புகுந்து பெலேயைச் சூழ்ந்துகொள்ள, ஏழைப் பிள்ளைகளை மறக்காதீர்கள் என்று அவர் அழுதபடி சொன்னார். அந்த ஆயிரத்தில் நட்பு ஆட்டங்களும் இராணுவ அணிக்காக ஆடியவையும் அடக்கம். இன்றைய வீரர்களின் கணக்கோடு ஒப்பிட்டுச் சண்டை போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

4. 1989 ஜூலை 16. தென்னமெரிக்க நாடுகளின் கிண்ணமான கோபா அமெரிக்காவின் கடைசி நாள். எதிரணி உருகுவே, அதே தேதி, இறுதிப் போட்டி இல்லாமல் குழுவாக ஆடிய அதே முறை. ரொமாரியோ தலையால் முட்டி 1-0. கிண்ணம் இம்முறை பிரேசிலுக்கு.

5. 1989 செப்டெம்பர் 3, ரோஹாஸ். உலகக் கிண்ணத் தகுதி ஆட்டத்தில் சிலி பிரேசிலிடம் 0-1 எனப் பின்தங்கியிருந்தது. பார்வையாளர் பக்கமிருந்து ஒரு தீப்பொறிக் குழல் மைதானத்தில் விழ, சிலியின் கோல் காப்பாளர் ரொபெர்ட்டோ ரோஹாஸ் முகத்தில் இரத்தத்தோடு சாய்ந்தார். சிலி அணி வெளியேறியது. புகைப்படங்களைப் பார்த்தால் குழல் அவர்மேல் படவே இல்லை. கையுறைக்குள் ஒளித்து வைத்திருந்த பிளேட்டால் தானே கீறிக்கொண்டார். அவருக்கு ஆயுள் தடை (2001இல் நீக்கப்பட்டது), சிலிக்கு 1994 உலகக் கிண்ணத் தடை.

## பிறகு ஏன் சுருங்கியது?

அரங்கு சிறிதாகிவிட்டது என்று சொல்வது முழுச் சரி இல்லை. வெளி வட்டம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. உள்ளே ஆட்களை வைக்கும் முறைதான் மாறியது.

1. 1992 விபத்து. ஜூலை 19, ஃப்ளமெங்கோவும் பொட்டாஃபோகோவும் ஆடிய பிரேசில் சாம்பியன்ஷிப் இறுதியாட்டம். மேலடுக்கின் தடுப்புக் கம்பி, கூட்டத்தின் அழுத்தத்தில் பிடுங்கிக்கொண்டு விழுந்தது. அதோடு விழுந்தவர்களில் மூவர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். நெருக்கி நிறைப்பதற்கு ஒரு விலை உண்டு என்பது அன்று வெளிச்சமானது.

2. கதிரை விதி. 1989இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ அரங்கு நெரிசலுக்குப் பிறகு உலகெங்கும் நின்று பார்க்கும் பகுதிகளை ஒழிக்கும் போக்கு வலுத்தது. உலகக் கிண்ண ஆட்டம் வேண்டுமானால் ஒவ்வொருவருக்கும் எண்ணிட்ட கதிரை என்றானது. 2000இல் நடந்த முதல் கழக உலகக் கிண்ணத்துக்காக மரக்கானாவின் மேலடுக்கிலும் கதிரை போட்டார்கள். அதோடு கொள்ளளவு ஒரு இலட்சம் அளவுக்கு இறங்கியது.

3. ஜெராலின் முடிவு. 2005இல் தரைப்பகுதியை மூடிவிட்டார்கள்.

4. 2010 - 2013 மறுகட்டுமானம். உள்ளே இருந்த இரண்டு தட்டுகளையும் இடித்து ஒரே சரிவாக்கினார்கள். பழைய கொங்கிரீட் கூரையும் போனது. இழுத்துக் கட்டிய மென்படலக் கூரை வந்தது. இப்போதைய கொள்ளளவு 78,838.

இந்த நான்கில் முதல் இரண்டையும் யாரும் குறை சொல்ல முடியாது. மற்ற இரண்டில் எனக்கு உடன்பாடு பாதிதான். பாதுகாப்புக்காக நிற்கும் இடத்தை எடுத்தார்கள், சரி. ஆனால் மலிவுச் சீட்டையும் சேர்த்து எடுத்தார்கள். ஜெர்மனியில் பொருசியா டோர்ட்முண்ட் கழகம் சுமார் 25 ஆயிரம் பேர் நின்று பார்க்கும் ஒரு பக்கத்தை இன்றும் வைத்துக்கொண்டிருக்கிறது. இடையிடையே தடுப்புக் கம்பிகள் உண்டு. ஆகவே நிற்பதும் ஆபத்தும் பிரிக்க முடியாதவை இல்லை. மரக்கானாவில் அந்த வழியைத் தேடவில்லை. போதாக்குறைக்கு அந்த மறுகட்டுமானமே ஊழல் வழக்கில் சிக்கியது. அரங்குப் பணிகள் உட்பட அரசு ஒப்பந்தங்களில் இலஞ்சம் வாங்கியதாக முன்னாள் ஆளுநர் சேர்ஜியோ கப்ரால் 2016இல் கைதானார்.

## புதிய அரங்கு, பழைய பகை

2014 உலகக் கிண்ணத்தில் ஏழு ஆட்டங்கள் மரக்கானாவில் நடந்தன. பிரேசில் அங்கே ஒன்றுகூட ஆடவில்லை. இறுதிக்கு வந்தால்தான் மரக்கானா என்று அட்டவணை போட்டிருந்தார்கள். அரையிறுதியில், பெலோ ஒரிசோன்டே நகரில், ஜெர்மனி 7-1 என்று கதையை முடித்துவிட்டது. இறுதியில் 74,738 பேர் முன்னிலையில் ஜெர்மனியின் கோட்சே 113ஆவது நிமிடத்தில் நெஞ்சில் வாங்கி இடக்காலால் உதைத்த கோல் ஆர்ஜென்டினாவை வீழ்த்தியது. கிண்ணத்தைக் கடந்துபோகும் மெஸ்ஸியின் படம் அன்றையதுதான்.

2016 ஒலிம்பிக் இறுதியில் அதே ஜெர்மனியைப் பெனால்டியில் வென்று பிரேசில் தன் முதல் ஒலிம்பிக் உதைபந்தாட்டத் தங்கத்தை எடுத்தது. கடைசி உதை நெய்மாருடையது. ஆறு மாதம் போகவில்லை. யார் செலவைப் பார்ப்பது என்ற தகராறில் புல் காய்ந்து, கதிரைகள் காணாமற்போய், கட்டணம் கட்டாததால் மின்சாரமும் வெட்டப்பட்டுக் கிடந்தது அரங்கு.

அப்புறம் 2021. நமக்கு ஜூலை 11 ஞாயிறு அதிகாலை 5.30. கோபா அமெரிக்கா இறுதியில் டி மரியாவின் ஒற்றைக் கோலால் ஆர்ஜென்டினா பிரேசிலை வென்றது. தேசிய அணிக்காக மெஸ்ஸி பெற்ற முதல் பெரிய கிண்ணம். கொவிட் கட்டுப்பாட்டால் அரங்கில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நிறைய அனுமதி இல்லை. இரண்டு இலட்சம் பேர் நின்ற இடத்தில், வெறிச்சோடிய கதிரைகளுக்கு நடுவே நடந்தது அது. 2023 நவம்பரில் ஒட்டமெண்டியின் கோலால் ஆர்ஜென்டினா மறுபடி வென்றது. சொந்த மண்ணில் உலகக் கிண்ணத் தகுதி ஆட்டமொன்றில் பிரேசில் தோற்றது அதுவே முதல் தடவை.

## இனி என்ன?

இரண்டு விடயங்களைக் கவனிக்கலாம். முதலாவது, அரங்கு யார் கையில் என்பது. 2024இல் ஃப்ளமெங்கோவும் ஃப்ளுமினென்சும் சேர்ந்து 20 ஆண்டுக்கு நடத்தும் உரிமையைப் பெற்றன. அதே ஆண்டு ஃப்ளமெங்கோ தனக்கெனச் சொந்த அரங்கு கட்ட ரியோவில் நிலமும் வாங்கியது. ரசிகர் பலம் அதிகமுள்ள கழகம் வெளியேறினால் 78 ஆயிரம் கதிரைகளையும் யார் நிரப்புவது, பராமரிப்புச் செலவுக்கு எங்கே போவது என்ற கேள்வி எழும்.

இரண்டாவது, 2027 மகளிர் உலகக் கிண்ணம். பிரேசில் நடத்துகிறது; போட்டி நடக்கும் எட்டு நகரங்களில் ரியோவும் ஒன்று. மரக்கானா திறந்த 1950இல் பிரேசிலில் பெண்கள் உதைபந்தாடுவது சட்டப்படி தடை. 1941இல் போட்ட அந்தத் தடை நீங்கியது 1979இல்தான். இலங்கை நேரம் ரியோவைவிட எட்டரை மணித்தியாலம் முந்தியது. அங்கே மாலை 4 மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தைத் திருகோணமலையில் பார்க்க நள்ளிரவு 12.30 வரை விழித்திருக்க வேண்டும். இரவு 9 மணி ஆட்டமென்றால் காலை 5.30க்கு எழும்பினால் போதும்.